கட்டம் மாறினாலும் நேரம் மாறாது
வாகனத்தில் செல்லும் வானொலி ஆர்வலர், மெய்டன்ஹெட் கட்டம் (உலக வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரித்து இடத்தைக் குறிக்கும் குறியீடு) மாறியதும், சர்வதேச விண்வெளி நிலையம் போன்ற செய்மதி தலைக்கு மேலே கடக்கும் நேரத்தை மறுபடி கணிக்க வேண்டும், டிஎல்ஈ (செய்மதியின் பாதையைக் கணிக்க உதவும் தரவு) இரண்டு மாதம் பழையதானாலும் பரவாயில்லை என்று சொல்லப்படுவது தலைகீழானது. கட்டங்களின் எல்லையான 80 பாகை நெடுங்கோடு எங்கள் நகரை ஒட்டியே செல்வதால், யாழ்ப்பாண நகரிலிருந்து வட்டுக்கோட்டைக்குப் போனாலே கட்டம் என்ஜே09 இலிருந்து எம்ஜே99 ஆகிவிடும் (பார்க்கப் பெரிய பயணம் போலத்தான் இருக்கும்!). ஆனால் சர்வதேச விண்வெளி நிலையம் செக்கனுக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீற்றர் ஓடுவதால், அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு வேறுபாடு இரண்டு செக்கனைத் தாண்டாது. வளிமண்டல இழுவையும் இடையிடையே செய்யப்படும் உந்தல்களும் நிலையத்தின் பாதையை மாற்றிக்கொண்டே இருப்பதால், பழைய டிஎல்ஈயோ நிமிடக்கணக்கில் பிழையான நேரத்தைத் தரும். புறப்படும் முன் அதைத்தான் புதுப்பிக்க வேண்டும்.