மாப்பிள்ளைகிட்ட கேக்காதீங்க, வண்டி ஓட்டுறது நான்

நான் வாங்கின ஸ்போர்ட்ஸ் காரோட போட்டோவை நேத்து போட்டேன். அதுக்குக் கீழ என்ன ஓடுச்சுன்னு பாதிப் பேர் பாத்திருப்பீங்க. பாக்காதவங்க இப்பப் போய்த் தேட வேண்டாம், அண்ணன் (முறைக்குத்தான் அண்ணன்) இந்நேரம் எடிட் பண்ணியிருப்பார். "தங்கச்சிக்கு மிட்லைஃப் கிரைசிஸ் ஆரம்பிச்சிடுச்சு, மாப்பிள்ளை பாவம்"னு ஒரு வரி. அதோட என் வீட்டுக்காரரை டேக் பண்ணி "ஒண்ணும் சொல்லலையா மாப்ளே?"ன்னு ஒரு கேள்வி. அதுக்கு வரிசையா சிரிப்பு பொம்மை. சிரிச்சவங்க பேரை எல்லாம் ஒண்ணு விடாம படிச்சேன். பல பேர் என் கையால சாப்பிட்டவங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் வாங்கினது புது வண்டி இல்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5, மூணாவது தலைமுறை, ரெண்டு லிட்டர் இன்ஜின், ஆறு கியர், மடங்குற கெட்டிக் கூரை. ரெண்டே சீட்டு. எனக்கு முன்னாடி ரெண்டு பேர் வச்சிருந்த வண்டி. வேலைக்குப் போய் வர்றதுக்குத்தான் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை கண்ணாடி போட்டுக்கிட்டு ஊர் சுத்த இல்லை. இதைத்தான் யாராலயும் ஜீரணிக்க முடியலைன்னு நினைக்கிறேன். வாரக் கடைசிக்குன்னு வாங்கியிருந்தா "ஹாபி"ன்னு விட்டிருப்பாங்க. வேலைக்குப் போறதுக்கு ஸ்போர்ட்ஸ் காராம்!

ஆமா, வேலைக்குப் போறதுக்குத்தான். என் வீடு இங்கிலாந்துல மில்டன் கீன்ஸ், ஆஸ்பத்திரி லேப் வேலை லெஸ்டர்ல. எம்1 ஹைவேயில ஜங்ஷன் 14-ல ஏறி 21-ல இறங்கணும். ஒரு வழிக்கே ஐம்பது மைல் பக்கம். நேர் ரயில் கிடையாது, எங்கேயாவது மாறணும், காலை ஏழு மணி ஷிப்டுக்கு அது ஒத்து வராது. ஆக, நான் கண் முழிச்சிருக்கிற நேரத்துல ரெண்டு மணி நேரத்துக்கு மேல தினமும் காருக்குள்ள போகுது. என் சமையலறையில கூட நான் அவ்வளவு நேரம் நிக்கிறதில்லை. அந்த ரெண்டு மணி நேரத்துக்குப் பிடிச்ச வண்டி வேணும்னு நினைக்கிறது கிறுக்குத்தனம்னா, நான் கிறுக்கிதான். தினமும் ஓட்டுற வண்டிதான் பிடிச்ச வண்டியா இருக்கணும். வருஷத்துக்கு நாலு தடவை வெளிய எடுக்கிற வண்டி எப்படி இருந்தா என்ன?

"ஒரு நல்ல எஸ்யூவியா எடுத்திருக்கலாமே"ன்னு அண்ணன் அட்வைஸ். அண்ணனோடது பிசிபி-ல எடுத்தது. ஊர்ல இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: முன்பணம் கட்டி, மூணு நாலு வருஷம் மாசத் தவணை கட்டி, கடைசியில "பலூன்"னு ஒரு பெரிய தொகையைக் கட்டினாத்தான் வண்டி நமக்குச் சொந்தம். இல்லேன்னா திருப்பிக் கொடுத்துட்டு அடுத்த வண்டிக்கு அடுத்த தவணை. எடுக்கும்போதே வருஷத்துக்கு எட்டாயிரம் மைல், பத்தாயிரம் மைல்னு எழுதி வாங்கிடுவாங்க. அதுக்கு மேல ஓடுற ஒவ்வொரு மைலுக்கும் இத்தனை பென்ஸ்னு தனிக் கணக்கு. நான் ஓட்டுறது வருஷத்துக்கு இருபதாயிரம் மைலைத் தொடும். மைல் கணக்கு ஏறுமேன்னு பயந்து ஓட்டுற வண்டி கௌரவம், முழுப் பணம் கொடுத்து என் பேர்ல எழுதி வாங்கின பழைய வண்டி கிரைசிஸ். நல்லா இருக்கு நியாயம்.

பெட்ரோல் கணக்கும் சொல்லிடுறேன், அதையும் நான் மறைச்சேன்னு வேண்டாம். இது ஹைவேயில கேலனுக்கு 37, 38 மைல் கொடுக்குது. நல்ல டீசல் கார் 55 கொடுக்கும். என் ஓட்டத்துக்கு வருஷத்துக்கு ஆயிரம் பவுண்டு கூட ஆகுது. ஆகட்டும். அந்த ஆயிரத்தை நான் வேற எதுலயும் செலவு பண்றதில்லை. நகைச் சீட்டுல நான் இல்லைங்கிறது இங்க எல்லாருக்கும் தெரியும். அதே சமயம், லண்டன் ஈஸ்ட் ஹாமுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது நான் யூலெஸ் (அதிகமா புகை விடுற வண்டிக்கு லண்டன்ல வாங்குற தினக் கட்டணம்) கட்ட வேண்டியதில்லை, 2006-க்கு அப்புறம் வந்த பெட்ரோல் வண்டி அங்க பாஸ். யூரோ 6-ங்கிற புகை விதிக்குள்ள வராத டீசல் வச்சிருக்கிறவங்க ஒரு நாளைக்குப் பன்னண்டரை பவுண்டு கட்டிட்டுத்தான் முருங்கைக்காய் வாங்கணும். யார் வீட்டு வாசல்ல அந்த மாதிரி டீசல் நிக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஏதோ கலரைப் பாத்து மயங்கி வாங்கிட்டேன்னு நினைக்கிறவங்களுக்கு: கோடை முழுக்கத் தேடினேன். ஹோண்டா எஸ்2000-ஐப் பாத்தேன். அந்த இன்ஜின் நிமிஷத்துக்கு 9,000 சுத்து வரைக்கும் போகும், ஆனா அதோட நிஜ முகம் ஆறாயிரத்துக்கு மேலதான் தெரியும். 70 மைல் வேக வரம்புல, பாதி நாள் ரோடு வேலைக்காக 50-னு கேமரா வச்சிருக்கிற எம்1-ல, அந்த ஆறாயிரத்தை நான் எங்க போய்த் தேடுறது? போர்ஷே பாக்ஸ்டர்மேல ஒரு கண்ணு இருந்துச்சு. 2008 வரைக்குமான வண்டிகள்ல இன்ஜினுக்குள்ள ஐஎம்எஸ் பேரிங்னு ஒரு தலைவலி. அது போனா இன்ஜினே போச்சு. எல்லா வண்டியிலயும் போறதில்லை, ஆனா தினமும் நூறு மைல் ஓட்டுறவ அந்தப் பயத்தைப் பக்கத்து சீட்டுல உக்கார வச்சுக்கிட்டுப் போக முடியாது. டொயோட்டா ஜிடி86 கடைசி வரைக்கும் போட்டியில இருந்துச்சு. பின்னாடி பேருக்கு ரெண்டு சீட்டு, நல்ல வண்டி, என் பட்ஜெட்டுக்கு மேல.

அப்புறம் எம்எக்ஸ்-5. 1989-ல சிகாகோவுல காட்டி, 2016-க்குள்ள பத்து லட்சம் செஞ்சுட்டாங்க. உலகத்துலயே அதிகமா வித்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்னு கின்னஸ்ல இருக்கு. எனக்கு அதுல என்ன லாபம்னா பார்ட்ஸ். எந்தத் தெரு மெக்கானிக்கும் பாத்திருக்கிற வண்டி. வண்டி எடை 1,200 கிலோவுக்குள்ள, பவர் 160 குதிரை. பேப்பர்ல பெரிசா ஒண்ணுமில்லை. ஆனா மில்டன் கீன்ஸ்காரங்களுக்குத் தெரியும், இந்த ஊர்ல ரவுண்டபவுட் மட்டும் நூறுக்கு மேல. வீட்டுல இருந்து ஹைவே ஏர்றதுக்குள்ள எனக்கு நாலஞ்சு வந்துடும். விடியக்காலையில ஆள் இல்லாத ரவுண்டபவுட்ல மூணாவது கியர்ல முப்பது மைல் வேகத்துல திரும்பும்போது, ரோடு ஈரமா இருக்கா, காய்ஞ்சிருக்கான்னு ஸ்டியரிங் கைக்குச் சொல்லும். முப்பது மைல்தான்! யாருக்கும் ஆபத்தில்லை, எந்தக் கேமராவும் மின்னாது. வேகமா போறதுக்குத்தான் ஸ்போர்ட்ஸ் கார்னு நினைக்கிறவங்களுக்கு இதை எப்படிப் புரிய வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

துணிக் கூரை வண்டி வேண்டாம்னு வச்சதும் இந்தத் தூரத்துக்காகத்தான். 70-ல துணிக்குள்ள காத்து போடுற சத்தத்தை தினம் ரெண்டு மணி நேரம் கேட்டா சாயங்காலம் தலை கனக்கும். அதனால கெட்டிக் கூரை. பன்னண்டு செகண்டுல மடங்கும், மடங்கினாலும் டிக்கி இடம் குறையாது. குறையாதுன்னா, முதல்லயே 150 லிட்டர்தான், குறைய என்ன இருக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வண்டியோட நம்பரையும் அரசாங்க வெப்சைட்ல போட்டு எம்ஓடி (வருஷா வருஷம் நடக்கிற வண்டிச் சோதனை) வரலாறு பாத்தேன். காசே இல்லை. எந்த வருஷம் எதுல ஃபெயில் ஆச்சு, எத்தனை மைல் ஓடியிருந்துச்சு, துருன்னு எப்ப எழுத ஆரம்பிச்சாங்க, எல்லாம் இருக்கும். இந்த ஊர்ல குளிர்காலத்துல ரோட்டுக்கு உப்பு போடுறாங்க, ஜப்பான்காரன் வண்டிக்கு அடியில துரு பிடிக்காம இருந்தாத்தான் அதிசயம். போன இடத்துல எல்லாம் முட்டி போட்டு டார்ச் அடிச்சு சப்ஃபிரேமை, வண்டிக்கு அடியில இருக்கிற சட்டத்தை, பாத்தேன். கூரைத் தண்ணி வடியுற ஓட்டையில இலை அடைச்சிருக்கான்னு பாத்தேன். அது அடைச்சா தண்ணி உள்ள இறங்கி, சத்தமில்லாம கதவுக்குக் கீழ இருக்கிற தகட்டைத் துரு தின்னுடும். நாலு டயரும் ஒரே கம்பெனியான்னு பாத்தேன். நாலு டயருக்கு நாலு மலிவு பிராண்ட் போட்டிருக்கிறவன் இன்ஜின் ஆயிலை மட்டும் ஒழுங்கா மாத்தியிருப்பானா? ஒரு வீட்டுல வித்தவர் என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரைப் பாத்தே பேசிக்கிட்டிருந்தார். இவர் மெதுவா, "எனக்கு டயர் உருண்டையா இருக்கும்னு தெரியும், மீதியை அவகிட்ட சொல்லுங்க"ன்னார். அந்த வண்டியை நான் வாங்கல. துரு காரணம்னு அவர்கிட்ட சொன்னேன்.

இந்த மனுஷனைத்தான் அண்ணன் "பாவம்"ங்கிறார்.

"லாரிக்கு நடுவுல இவ்வளவு சின்ன வண்டி ஆபத்து"ன்னு அக்கறையா எழுதினவங்களுக்கு மட்டும் நிஜமாவே பதில் சொல்லணும். வாஸ்தவம். டேவென்ட்ரி, லட்டர்வொர்த் பக்கம் எல்லாம் கோடவுன், எம்1 முழுக்க லாரி. இந்த சீட்டுல உக்காந்தா லாரிச் சக்கரத்தோட நட்டு என் கண்ணு மட்டத்துல சுத்தும். மழையில அது வாரி அடிக்கிற தண்ணியில ரெண்டு மூணு செகண்டு எதுவுமே தெரியாது. 56 மைலுக்கு மேல போக முடியாத லாரி இன்னொரு லாரியை முந்துறேன்னு மைல் கணக்கா பக்கத்துலயே ஓடும். அதனால நான் லாரிக்குப் பக்கத்துல நிக்கிறதே இல்லை. ஒண்ணு பின்னாடி தள்ளி இருப்பேன், இல்லை ஒரே மூச்சுல தாண்டிடுவேன். மழை நாள்ல பகல்லயும் லைட்டைப் போட்டுடுவேன். பெரிய வண்டியில இருந்தப்ப இந்தக் கவனம் எனக்கு இருந்ததில்லை. ஆனாலும் இந்தக் கேள்வி நியாயமான கேள்வி, கேட்டவங்களுக்கு நன்றி.

எலெக்ட்ரிக் வாங்கலாமேன்னு ஒருத்தர். எங்க வீட்டுப் பார்க்கிங் பொது பார்க்கிங், சார்ஜர் போட வழியில்லை. அடுத்து.

"குடும்பம்னு இருக்கில்ல?" இருக்கு. பிள்ளைங்க ரெண்டும் யுனிவர்சிட்டிக்குப் போயாச்சு. அஞ்சு பேர் போறதுக்கு வீட்டுல இன்னொரு வண்டி நிக்குது. லெஸ்டர் பெல்கிரேவ் ரோட்டுல வாங்குற முருங்கைக்காய் டிக்கியில நீட்டா படுக்காது, அதைப் பக்கத்து சீட்டுல சாய்ச்சு பெல்ட் போட்டுக் கூட்டிட்டு வர்றேன். குடும்பத்துக்கு இதனால வந்த நஷ்டம் இவ்வளவுதான். சேலை கட்டினா இதுல ஏற முடியாதுன்னும் ஒரு அக்கா போட்டிருந்தாங்க. முதல்ல உக்காரணும் அக்கா, அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள எடுக்கணும். பட்டுச் சேலையிலயே முடியுது.

எங்க அப்பா எஸ்டி பைக் வச்சிருந்தார். ஸ்ரீரங்கத்துல இருந்து திருவெறும்பூர், பெல் கம்பெனிக்கு தினமும் அதுலதான். கிக்கர், கியர் ரெண்டுக்கும் ஒரே லீவர் அந்த வண்டிக்கு. ஸ்டார்ட் பண்ணிட்டு அதே லீவரை முன்னாடி மடக்கி விட்டா அதுதான் கியர். தெரியாதவங்க எடுக்கவே முடியாது, அதுல அவருக்கு ஒரு பெருமை. எனக்கப்புறம் தம்பியும் பொறந்ததும் பெரியப்பா வந்து உக்காந்து, "ரெண்டு குழந்தைக்குத் தகப்பன், இன்னும் என்ன படபடன்னு? பொறுப்பா ஒரு ஸ்கூட்டர் வாங்கு"ன்னார். சொன்னவர் தினமும் பஸ்ல போறவர். அப்பா வித்துட்டார். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. எஸ்டியை ஞாயித்துக்கிழமை தானே மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பாராம், அம்மா சொல்லுவா. ஸ்கூட்டரைத் துடைக்கிற வேலை நான் வளர்ந்ததும் எனக்கு வந்துச்சு. அவர் அதைத் தொட்டுத் துடைச்சு நான் பாத்ததே இல்லை. ரிட்டயர் ஆகுற வரைக்கும் பிடிக்காத வண்டியிலதான் வேலைக்குப் போனார், பொறுப்பானவர்னு பேர் வாங்கினார்.

நம்மகிட்ட இந்தப் பழக்கம் இருக்கு. நல்ல டின்னர் செட்டை ஷோகேஸ்ல பூட்டி வச்சுட்டு விளிம்பு உடைஞ்ச தட்டுல சாப்பிடுவோம். நல்லது எல்லாம் விசேஷத்துக்கு, விருந்தாளிக்கு, ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம். செவ்வாய்க்கிழமை காலை அஞ்சே முக்காலுக்கு ஒரு பொம்பளை தனக்குத் தானே சிரிச்சுக்கிட்டு வேலைக்குப் போனா உடனே டாக்டர் வேலை பாக்க வந்துடுவாங்க, என்ன கிரைசிஸ்னு.

அதுவும் பொம்பளைக்குத்தான். போன வருஷம் நம்ம குரூப்புல ஒருத்தர் ஐம்பத்து மூணு வயசுல பெரிய பைக் வாங்கினார். "தலைவா", "மாஸ்"னு எத்தனை கமெண்ட்! அவர் மனைவியை யாராவது டேக் பண்ணிக் கேட்டீங்களா? இந்த நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து ஆணா பொண்ணான்னு பாத்து இன்சூரன்ஸ் பிரீமியம் போடக் கூடாதுன்னு சட்டம். காசு விஷயத்துல கண்ணுல எண்ணெய் விட்டுப் பாக்குற இன்சூரன்ஸ்காரனுக்கே அந்த வித்தியாசம் வேண்டாம்னு ஆகிப்போச்சு. நம்ம அண்ணனுக்கு மட்டும் வேணும்.

"ஜோக்குக்குச் சொன்னதை ஏன் இவ்வளவு பெரிசு பண்றே"ன்னு இன்னைக்கு மதியம் ரெண்டு பேர் மெசேஜ். ஜோக்னா நானும் சிரிச்சிருப்பேனே. இருபத்து மூணு வயசுல கல்யாணம் ஆகி இங்க வந்தவ நான். மூணு தடவை தோத்து லைசென்ஸ் எடுத்தேன், கைக்குழந்தையோட ராத்திரி ஷிப்ட் பாத்தேன், லேப்ல இன்னைக்கு எனக்குக் கீழ ஆள் இருக்கு. அப்பெல்லாம் "மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையா"ன்னு யாரும் கேக்கல. சம்பளம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் தோணல. என் சம்பளத்துல எனக்குன்னு ஒண்ணு வாங்கினப்பதான் மாப்பிள்ளை ஞாபகம் எல்லாருக்கும் வருது.

அண்ணன் நம்பர் என்கிட்ட இருக்கு, என் நம்பர் அண்ணன்கிட்ட இருக்கு. வண்டியைப் பத்தி எது வேணும்னாலும் என்கிட்ட கேக்கலாம், கிளட்ச் எப்படி, சப்ஃபிரேம் எப்படின்னு உக்காந்து சொல்றேன். இன்பாக்ஸ்ல பாக்ஸ்டர் கேட்ட தம்பிக்கு: 2009 மாடல்ல இருந்து இன்ஜின் வேற, ஐஎம்எஸ் பேரிங் கதை அதுல இல்லை, பட்ஜெட் இடம் கொடுத்தா அதைப் பாருங்க. இனிமே என் பதிவுல வந்து என் வீட்டுக்காரரை டேக் பண்றவங்களை மட்டும் சொல்லாம கொள்ளாம பிளாக் பண்ணிடுவேன். சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி.