'டு' சேர்த்தாலும் விட்டாலும் ஒன்றா?

"இரண்டு செயப்படுபொருள் வரும் எந்த ஆங்கில வினையையும் 'டு' போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 'கிவ்', 'சென்ட்', 'ஷோ' போன்றவற்றுக்கு அது சரி. 'கிவ் ஹிம் த புக்', 'கிவ் த புக் டு ஹிம்' இரண்டும் இயல்பானவை. ஆனால் எல்லா வினைக்கும் பொருந்தாது.

'எக்ஸ்ப்ளெய்ன்' எடுத்துக்கொள்ளுங்கள். 'எக்ஸ்ப்ளெய்ன் மீ த ப்ராப்ளம்' தவறு. 'எக்ஸ்ப்ளெய்ன் த ப்ராப்ளம் டு மீ' என்றுதான் வரவேண்டும். 'சஜஸ்ட்', 'சே' இரண்டும் இதே கதைதான். 'டெல் மீ த ஸ்டோரி' சரி, 'சே மீ த ஸ்டோரி' சரியில்லை. பொருள் நெருக்கமாக இருப்பதால் மட்டும் அமைப்பும் ஒன்றாகிவிடாது.

நாம் தடுமாறுவதற்குக் காரணம் நம் நான்காம் வேற்றுமை. 'எனக்குக் கொடு', 'எனக்கு விளக்கு', 'எனக்கு வாங்கு' எல்லாவற்றையும் ஒரே 'கு' பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலை பிரிந்து கிடக்கிறது. 'பை மீ எ ஷர்ட்' என்பதைத் திருப்பிப் போட்டால் 'பை எ ஷர்ட் ஃபார் மீ'. அங்கே 'டு' வராது. 'மேக்', 'குக்' போன்றவையும் 'ஃபார்' பக்கம்தான்.

அப்புறம், திருப்பவே முடியாதவையும் உண்டு. 'இட் காஸ்ட் மீ எ லாட்' என்பதை 'இட் காஸ்ட் எ லாட் டு மீ' என்று யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், தயவுசெய்து 'எந்த ஆங்கில வினையையும்' என்று அவர் எழுதிய அந்த வரியைத் திருத்திவிடுங்கள். புது வினை ஒன்றைக் கற்கும்போது பொருளோடு நிறுத்தாமல், ஒரு முழு வாக்கியமாகவே மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.