மைத் தொட்டியை உயர்த்தி வைத்தால் அச்சு அடர்த்தியாகாது

வெளியே மைத் தொட்டி பொருத்திய இங்க்ஜெட் பிரிண்டர்களில், தொட்டியை ஓரடி உயர்த்தி வைத்தால் மை வேகமாக இறங்கி அச்சு அடர்த்தியாக விழும் என்று வாட்ஸ்அப்பில் பரவும் குறிப்பு தவறானது. அதைப் பின்பற்றுவது பிரிண்டருக்குக் கேடு.

மைத்துளியைத் தாளுக்கு அனுப்புவது தொட்டியின் அழுத்தம் அன்று. தாளுக்கு மேல் நகரும் அச்சுத்தலையில், மை வெளிவரும் நுண்துளைக்குப் பின்னால் நொடிப்பொழுதில் சூடேறி ஆவிக்குமிழை எழுப்பும் மின்தடையோ, மின்னழுத்தத்தில் வளையும் பீசோ படிகமோதான் சில பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவுள்ள துளியை உந்தித் தள்ளுகிறது. காலியான இடத்தை நுண்புழை விசையால் (மெல்லிய குழாய்க்குள் திரவத்தைத் தானே இழுக்கும் விசை) மை தானே நிரப்பிக்கொள்கிறது. எனவே துளியின் அளவு உயரத்தால் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை.

மாறாக, துளை வாயில் மை உள்நோக்கிக் குழிந்து நிற்க, அச்சுத்தலைக்குள் வளிமண்டலத்தைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தம் எப்போதும் இருந்தாக வேண்டும். கார்ட்ரிட்ஜில் பஞ்சு வைப்பதும், வெளித்தொட்டியைத் தலையின் மட்டத்துக்குக் கீழே அமைப்பதும் இதற்காகவே. ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 100 பாஸ்கல் அழுத்தத்தைக் கூட்டுவதால், உயர்த்திய தொட்டியிலிருந்து மை கசிந்து, அச்சுத்தலையின் அடிப்பரப்பில் படர்ந்து, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மிகவும் தாழ்த்துவதும் பிழையே, ஏனெனில் அப்போது துளை வழியே காற்று உள்ளே புகுந்து அச்சில் வெள்ளைக் கோடுகள் தோன்றும்.

அச்சு வெளிறினால், முதலில் தொட்டியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.