படம் மேற்பரப்பை மட்டுமே காட்டும்
கைப்பேசியில் ஆற்று மண்ணைப் படம் எடுத்தால் மென்பொருளே துகள் அளவைக் கணித்துவிடும், மண்ணைச் சலித்து அளக்கும் சல்லடை இனி எதற்கு என்று கேட்கிறது ஒரு கட்டுரை. தாமிரபரணி ஆற்றில் பாபநாசத்துக் கூழாங்கற்களுக்கு அது பொருந்தலாம். ஆற்றியல் அறிஞர் வோல்மன் 1954இல் ஆற்றுக் கற்களை அளக்க வகுத்த முறையும் மேலே கிடக்கும் கற்களைத்தான் அளக்கிறது. அதே ஆற்றின் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வண்டலை என்ன செய்வது? 0.063 மில்லிமீட்டருக்கும் குறைந்த துகளைக் கைப்பேசிப் படம் பிரித்துக் காட்டாது. அங்கே அள்ளி வந்த மண் காய்ந்ததும் கட்டி கட்டியாக இறுகியது. விரலால் நசுக்கினால் மாவாக உதிர்ந்தது. படத்தில் அந்தக் கட்டி சரளைக்கல்லாகத்தான் பதிவாகும்! மென்பொருள் கட்டாயம் வேண்டும். ஆனால் ஒவ்வொரு சல்லடையிலும் தங்கிய எடை, மண் எடுத்த ஆழம், அளந்த முறை எல்லாவற்றையும் அப்படியே பதிய அதில் இடம் இருக்க வேண்டும். சராசரித் துகள் அளவை மட்டும் சேமித்துவைத்தால், 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்று தாமிரபரணிப் படுகையை எப்படி மாற்றியது என்று பின்னால் எவராலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.