ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்ளிஃபயர்: பரவும் தகவல் தவறு

"பின்னால் நான்கு டெர்மினல் உள்ள ஸ்பீக்கரில் எந்த இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் அப்படியே மாட்டலாம், சத்தம் இரட்டிப்பாகும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இதை நம்பி மாட்டினால் ஆம்ப்ளிஃபயரே போய்விடலாம்.

அந்த நான்கு டெர்மினல்களை இரண்டிரண்டாக இணைத்து உலோகப் பட்டைகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் மாட்டினால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் அவுட்புட்டும் நேரடியாக ஒன்றோடொன்று மோதும். அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எரியக்கூடும். கவலை தருவது இதுதான், செய்தியில் பட்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, கழற்றிவிட்டால்? அப்போது ஒரு ஆம்ப்ளிஃபயர் ட்வீட்டரையும் (பெட்டிக்குள் கூர்மையான ஒலி தரும் சிறிய ஸ்பீக்கர்), மற்றது ஊஃபரையும் (கனத்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) இயக்கும். அப்போதும் இரண்டின் கெயினும், அதாவது உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவும், ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 26 டெசிபல், மற்றது 29 என்றால் ட்வீட்டருக்கும் ஊஃபருக்கும் இடையே 3 டெசிபல் வித்தியாசம் வரும். பாட்டின் சமநிலை காதுக்குத் தெரியும்படி கெடும். சத்தமும் இரட்டிப்பாகாது. வாட்ஸ் உண்மையிலேயே இரண்டு மடங்கானாலும் கூடுவது 3 டெசிபல்தான். இரு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும்.

பட்டை பற்றி ஸ்பீக்கர் கையேட்டிலும், கெயின் அளவை ஆம்ப்ளிஃபயர் கையேட்டிலும் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால், முதலில் பட்டையைக் கழற்றச் சொல்லிவிடுங்கள்.