இரண்டாவது வாக்கியத்தையும் வாசியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு நடக்கும். அக்கா மகள் என் அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்து, அட்டை தெரியாதபடி பழைய நாட்காட்டித் தாளால் உறை போட்டுக்கொண்டு வந்து, முதல் வாக்கியத்தை மட்டும் வாசிப்பாள். நாங்கள் நாவலின் பெயரைச் சொல்ல வேண்டும். சென்ற வாரம் மகிழ்ச்சியான குடும்பங்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதைப் பற்றி அவள் வாசிக்கத் தொடங்கியதுமே, டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா' என்று நான் சொல்லிவிட்டேன். "சரி மாமா, அடுத்த வரி என்ன?" என்று கேட்டாள். எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அவளே தொடர்ந்து வாசித்தாள். ஓப்லான்ஸ்கியின் வீட்டில் எல்லாம் தலைகீழாகிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுப் பெண்ணுடன் கணவனுக்கு இருந்த உறவு மனைவிக்குத் தெரிந்துவிட்டது. இனி உன்னோடு ஒரே வீட்டில் வாழ முடியாது என்று அவள் சொல்லி மூன்று நாட்கள் ஆகின்றன. பிள்ளைகள் கவனிப்பாரற்று வீடெங்கும் ஓடித் திரிகிறார்கள். சமையல்காரர் முந்தைய நாள் சாப்பாட்டு வேளையில் வேலையை விட்டுப் போய்விட்டார், வண்டிக்காரர் கணக்கைத் தீர்க்கச் சொல்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் படித்த நாவல் அந்த இடத்தில்தான் எனக்குள் மீண்டும் திறந்தது. முதல் வாக்கியத்தை அந்த நூலைத் தொட்டே பார்க்காதவர்களும் அறிவார்கள். அது பழமொழியைப் போல ஊருக்குப் பொதுவாகிவிட்டது. சமையல்காரர் இல்லாத அந்த வீடு படித்தவர்களுக்கு மட்டுமே உரியது.

அன்று முதல் எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. முதல் வரியைக் கொண்டு நாவலைக் கண்டுபிடிக்கும் இந்த விளையாட்டை நான் மனதார நேசிக்கிறேன். ஆனால் அதை இரண்டு வாக்கியங்களைக் கொண்டு விளையாட வேண்டும். பெரும்பாலான நல்ல நாவல்களில் முதல் வாக்கியம் கதவைத் தட்டுகிறது, இரண்டாவது வாக்கியம்தான் யார் வந்திருக்கிறார் என்று சொல்கிறது.

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். செல்வம் படைத்த திருமணமாகாத ஆணுக்கு ஒரு மனைவி தேவை என்பது உலகமே ஒப்புக்கொண்ட உண்மை என்று அது தொடங்குகிறது. அதை மட்டும் கேட்டவர்கள், ஆசிரியர் உண்மையிலேயே அப்படி நம்புகிறார் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அடுத்த வாக்கியத்திலேயே, அந்த ஆணின் மனத்தில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாவிட்டாலும், சுற்றியுள்ள குடும்பங்கள் அவனைத் தங்கள் மகள்களில் ஒருத்திக்கு உரிய சொத்தாகவே நினைத்துக்கொள்கின்றன என்று ஆஸ்டின் சொல்லிவிடுகிறார். யாருக்கு யார் தேவை என்பது அங்கே திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்தை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் மேற்கோள் காட்டுவது அந்த எழுத்தாளருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

தமிழிலும் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு உண்டு. ஆதி அந்தமில்லாத கால வெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறி வருமாறு கல்கி அழைப்பதைக் கேட்டவுடன் 'பொன்னியின் செல்வன்' என்று எந்தத் தமிழ் வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அடுத்த வாக்கியத்தில் விநாடிக்கு ஒரு நூற்றாண்டு வீதம் கடந்து, "இன்றைக்குத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு ஆண்டுகளுக்கு" முந்திய காலத்துக்குப் போகச் சொல்கிறார். அக்கா மகள் ஒரு தாளில் இந்த ஆண்டிலிருந்து 982ஐக் கழித்துப் பார்த்தாள்; அருள்மொழிவர்மன் ராஜராஜனாக ஆண்டு மறைந்ததற்கும் பிந்திய ஓர் ஆண்டு வந்தது. கல்கியின் 'இன்றைக்கு' என்பது தொடர் பத்திரிகையில் தொடங்கிய 1950. அதிலிருந்து கழித்தால் 968 வருகிறது, வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரைக்கு வந்து சேர்கிறான். ஒரே சொல்லுக்குள் ஒரு வார இதழின் காலம் உறைந்து நிற்கிறது. முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் அவள் கைக்கு அந்தக் கணக்கு வந்திருக்காது.

இரண்டாவது வாக்கியத்தின் வேலையையும் தானே செய்துவிடுகிற முதல் வாக்கியங்களும் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' அப்படித்தான் தொடங்குகிறது: துப்பாக்கிகளின் முன் நிற்கப்போகும் கர்னல், தந்தை தனக்குப் பனிக்கட்டியைக் காட்டிய பழைய பிற்பகலை நினைக்கப்போகிறார். எதிர்காலமும் இறந்தகாலமும் ஒரே மூச்சில் அடங்கிவிடுகின்றன. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலின் தொடக்கத்தை நான் இதற்கு இணையாக வைப்பேன். 1960 ஜனவரி 5ஆம் தேதி, முப்பத்தொன்பதாவது வயதில், ஆல்பெர் காம்யு விபத்தில் மாண்டதற்கு மறுநாள், ஜோசஃப் ஜேம்ஸ் இறந்துபோகும் செய்தியை அது சொல்கிறது. தேதி, வயது, காம்யு என்று ஒவ்வொன்றாகக் கடந்து, வினைச்சொல் கடைசியில் வந்து விழுகிறது. வினையை இறுதிவரை நிறுத்திவைக்கும் தமிழின் இயல்பு இவ்வளவு வலுவாகப் பயன்பட்ட தொடக்கம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. காம்யு இறந்தது உண்மையிலேயே 1960 ஜனவரி 4ஆம் தேதிதான். கற்பனை எழுத்தாளன் ஒருவன், நிஜ எழுத்தாளரின் மரணத்தைப் பிடித்துக்கொண்டு நம்மிடையே வந்து சேர்கிறான். இந்த நாவல் 1981இல் க்ரியா வெளியீடாக வந்தது; காம்யுவின் 'அந்நியன்' வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் அதே பதிப்பகத்திலிருந்து அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது.

காம்யு யார் என்று அக்கா மகள் கேட்டதால், இந்த ஞாயிற்றுக்கிழமை 'அந்நியன்' நாவலை நானே உறை போட்டு வாசித்தேன். அம்மா இன்று இறந்துவிட்டதாகவும், ஒருவேளை அது நேற்றாக இருக்கலாம், தெரியவில்லை என்றும் மகன் சொல்கிறான். அவள் முகம் சுளித்தாள். "பெற்ற அம்மா செத்த நாள்கூடத் தெரியாதா அவனுக்கு?" என்றாள். உலகம் முழுவதும் அந்த வரியைக் கேட்டவர்கள் பலரும் அவனைக் கல்நெஞ்சன் என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அடுத்த வரிகளையும் வாசித்தேன். முதியோர் இல்லத்திலிருந்து தந்தி வந்திருக்கிறது. அம்மா காலமானார், நாளை அடக்கம், அனுதாபங்கள். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. எந்த நாள் என்று தந்தியில் இல்லை.

அவள் கை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். உறையைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, தந்தி வந்த இடத்திலிருந்து தானே வாசிக்கத் தொடங்கினாள். அன்று அடுத்த நாவலை நாங்கள் எடுக்கவில்லை.