கதையைச் சொல்லாத டீசர்தான் இழுக்கும்

படத்துக்கு முன்னால் விடும் குட்டி முன்னோட்டம்தான் டீசர்; அதிலேயே கதை புரிய வேண்டும் என்று ஒரு கட்டுரையில் சொல்வதை ஏற்க முடியவில்லை. கதை சொல்வது பிறகு வரும் நீளமான டிரெய்லரின் வேலை. 2020 நவம்பரில் கமலின் பிறந்தநாளுக்கு வந்த 'விக்ரம்' டீசரைப் பாருங்கள். மனிதர் விருந்து சமைக்கிறார், வீடு முழுக்க ஆயுதங்களை ஒளித்து வைக்கிறார், கடைசியில் 'ஆரம்பிக்கலாங்களா?' அவ்வளவுதான். வருகிறவர்கள் யார், பகை என்ன, ஒன்றும் தெரியாது. படம் 2022 ஜூனில்தான் வந்தது; அதுவரை அந்த ஒரு சொல் வாயிலேயே இருந்தது.

இங்கே கொழும்பில் குறும்படம் எடுக்கும் தம்பிமாருக்கும் இதைத்தான் சொல்வேன். அவர்களின் டீசரில் நன்றி, இலச்சினை, ட்ரோனில் காலிமுகத்திடல் கடற்கரை என்று முதல் இருபது செக்கன் போய்விடுகிறது. வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர் அதற்குள் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார். முதலில் ஒரு முகத்தைக் காட்டுங்கள், பெயர்களை அப்புறம் போடலாம்.